சௌலா: ஒரு விலங்கின் பெயரில் ஓர் இராட்டை

2022 மே மாதம் ஹனோயில் நடந்த 31ஆவது சீ விளையாட்டுப் போட்டியின் சின்னம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நீண்ட கொம்புகள் கொண்ட ஒரு விலங்கு அது. பெயர் சௌலா. அந்தச் சின்னத்தைப் பார்த்தவர்கள் ஏராளம். ஆனால், உயிருள்ள சௌலாவைக் காட்டில் நேரில் பார்த்ததாக உயிரியல் அறிஞர் எவரும் இதுவரை பதிவு செய்யவில்லை.

மொழியியல் படிக்கும் எனக்கு, விலங்கைவிட அதன் பெயர்தான் முதலில் ஆர்வத்தைத் தூண்டியது.

பெயரின் பொருள்

வியட்நாமுக்கும் லாவோசுக்கும் இடையிலுள்ள அன்னமைட் மலைத்தொடரில் மட்டுமே சௌலா வாழ்கிறது. இன்று ஆங்கிலத்தில் வழங்கும் இப்பெயர், அப்பகுதியில் பேசப்படும் தை மொழிகளிலிருந்து வந்தது. அவை தாய்லாந்து மொழிக்கு உறவான மொழிகள். 'சௌ' என்றால் தூண். 'லா' என்றால் நூல் நூற்கும் இராட்டை. இராட்டையைத் தாங்கும் இரண்டு கூரான தூண்களைப் போல, ஏறத்தாழ 50 செண்டிமீட்டர் நீளத்தில் இணையாக நிற்கும் கொம்புகளைப் பார்த்தவர்கள் வைத்த பெயர் இது. லாவோ மொழியிலும் பொருள் இதுவேதான்.

வியட்நாமிய மொழியில் 'சௌ' என்பது நட்சத்திரத்தைக் குறிக்கும். அதைக் கொண்டு பொருள் தேடினால் வழி தவறிவிடுவோம். ஒரு சொல்லின் வேரைத் தேடும்போது, அது எந்த மொழியிலிருந்து வந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

லாவோசில் வாழும் மோங் மக்கள் இதற்கு வேறொரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதன் பொருள் 'பணிவான விலங்கு'. காட்டில் ஓசையின்றி நடப்பதால் அந்தப் பெயர்.

அறிவியல் வைத்த பெயர்கள்

1992இல் வியட்நாமின் வூ குவாங் காட்டில் ஆய்வு நடத்திய குழுவினர், வேட்டைக்காரர்களின் வீடுகளில் இதன் கொம்புகளைக் கண்டனர். மறு ஆண்டு 'நேச்சர்' ஆய்விதழ் இதைப் புதிய விலங்காக அறிவித்தது. அறிவியல் பெயர் சூடோரிக்ஸ் நெதின்ஹென்சிஸ். முதல் பகுதிக்குப் 'போலி ஓரிக்ஸ்' என்று பொருள். ஓரிக்ஸ் என்பது அரேபியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் மறிமான். இரண்டாம் பகுதி ங்கே அன், ஹா தின் ஆகிய இரு மாநிலங்களைக் குறிக்கிறது. பார்வைக்கு மறிமான் போல இருந்தாலும், மரபணு ஆய்வில் இது மாடு, எருமைக் குடும்பத்துக்கே நெருக்கமானது எனத் தெரியவந்தது.

'புதிய விலங்கு' என்ற சொல்தான் என்னை யோசிக்க வைத்தது. அதற்கு ஏற்கெனவே பெயர்கள் இருந்தனவே! பெயர் இருந்தது என்றால், அதை அறிந்த மக்களும் இருந்தார்கள் என்றுதானே பொருள்? அறிவியலுக்குத்தான் அது புதிது.

எப்படிப் பயன்படுத்துவது?

ஆங்கிலத்தில் இப்பெயரை மூன்று அசையாக நீட்டாமல், இரண்டே அசையாக ஒலிக்க வேண்டும். தமிழின் 'ஔ' இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பன்மையிலும் பெரும்பாலும் 'எஸ்' சேர்ப்பதில்லை; 'ஷீப்', 'டியர்' போல ஒரே வடிவம்தான்.

ஊர் மக்களின் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதல்ல. 'ஓராங் ஊத்தான்' மலாயில் காட்டு மனிதன். 'பங்கோலின்' என்ற ஆங்கிலப் பெயரும் உருளுவதைக் குறிக்கும் மலாய்ச் சொல்லிலிருந்து பிறந்ததே.

ஊடகங்கள் சௌலாவை 'ஆசியாவின் யூனிகார்ன்' என்றும் அழைக்கின்றன. அரிதாகவே கண்ணில் படுவதால் வந்த பட்டம். கேட்க அழகாக இருந்தாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. யூனிகார்ன் கற்பனை விலங்கு. அதைக் காணவில்லை என்று யாரும் தேடப்போவதில்லை. சௌலாவோ இரத்தமும் சதையுமான உயிர். அதற்கு இரண்டு கொம்புகள் உண்டு என்பதை அதன் பெயரே சொல்கிறது.

அந்த உயிர் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. மற்ற விலங்குகளுக்காக வைக்கப்படும் கம்பிக் கண்ணிகளில் இதுவும் சிக்குகிறது. 2013 செப்டம்பரில் வியட்நாமில் ஒரு தானியங்கிக் கேமராவில் பதிவானதே, காட்டில் இது உயிரோடு இருந்ததற்குக் கிடைத்த கடைசிப் படம். விலங்குக் காட்சிசாலைகளிலும் ஒன்றுகூட இல்லை.

எனவே மாணவ நண்பர்களே, கட்டுரையிலோ வகுப்புப் படைப்பிலோ இவ்விலங்கைக் குறிப்பிட நேர்ந்தால், யூனிகார்னை விட்டுவிட்டு சௌலா என்றே எழுதுங்கள். பொருளையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். கேட்பவர் மனத்தில் அந்த இரண்டு கொம்புகளும் பதியும். உண்மையில் இருக்கும் ஒன்று என்று தெரிந்தால்தானே அதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணமும் வரும்?