யார் வந்தார், எதை எடுத்தார்?

அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கி, வாடிக்கையாளர் விவரங்கள் திருடுபோனதை 2019 ஜூலை 29 அன்று அறிவித்தது. பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேர். விவரங்கள் இருந்தது அமேசானின் கிளவுட் சேமிப்பகமான எஸ்3-இல். திருட்டு நடந்தது மார்ச்சில். வங்கிக்குத் தெரிந்ததோ ஜூலையில், வெளியாள் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலால். அதன்பின் எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று புலனாய்வாளர்கள் கண்டறிய, வங்கியிடம் இருந்த லாக் பதிவுகள் உதவின.

2006-ல் அறிமுகமான இந்த எஸ்3 சேமிப்பகத்தில் கோப்புகள் ‘பக்கெட்’களில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு பக்கெட்டுக்கும் அணுகல் பதிவு வசதி உண்டு. எந்த ஐபி முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கோப்பைக் கேட்டார்கள், கிடைத்ததா மறுக்கப்பட்டதா, எத்தனை பைட் வெளியே போனது என எல்லாம் அதில் வரும். ஆனால் இந்த வசதி தானாக இயங்காது. நாம்தான் இயக்க வேண்டும்.

பைத்தான் எழுதுபவர்களுக்கு அமேசானின் போட்டோ3 (boto3) நூலகம் இதை எளிதாக்குகிறது. பதிவுகளுக்கென்று தனி பக்கெட் ஒன்றை, அதே கணக்கில், அதே ரீஜனில் உருவாக்குங்கள். அதில் எழுத எஸ்3-இன் லாகிங் சேவைக்கு பக்கெட் பாலிசி வழியே அனுமதி கொடுங்கள். பிறகு ‘புட் பக்கெட் லாகிங்’ என்ற அழைப்பில் பதிவுகள் சேரவேண்டிய பக்கெட்டின் பெயரையும், பதிவுக் கோப்புப் பெயர்களுக்கான முன்னொட்டையும் தந்தால் போதும். கண்காணிக்கும் பக்கெட்டிலேயே பதிவுகளையும் சேர்க்காதீர்கள். ஒரு பதிவை எழுதுவதே இன்னொரு பதிவை உண்டாக்கும். கோப்புகள் பெருகிக்கொண்டே போகும்.

நிரல்வழி செய்வதன் பெரிய பலன் எதுவும் விடுபடாமல் பார்க்க முடிவதுதான். கணக்கிலுள்ள பக்கெட்களை வரிசையாக எடுத்து, ‘கெட் பக்கெட் லாகிங்’ அழைப்பால் ஒவ்வொன்றையும் கேளுங்கள். பதிலில் ‘லாகிங் எனேபிள்ட்’ பகுதி இல்லையென்றால் அங்கே பதிவு நடக்கவில்லை என்று பொருள்.

அணுகல் பதிவு வசதியின் எல்லைகளையும் அறிந்திருக்க வேண்டும். பதிவுகள் வந்துசேரச் சில மணி நேரம் ஆகலாம். அரிதாக ஒன்றிரண்டு விடுபடவும் கூடும். ஒவ்வொரு அணுகலுக்கும் உறுதியான கணக்கு வேண்டிய நிறுவனங்கள், தனிக் கட்டணமுள்ள, அமேசானின் கிளவுட்டிரெயில் சேவையின் தரவு நிகழ்வுப் பதிவுகளையும் சேர்த்துக்கொள்வது நல்லது. எஸ்3 பதிவை இயக்கக் கட்டணம் இல்லை. சேரும் கோப்புகளின் சேமிப்புக்கு உண்டு. பழையவை குறித்த காலத்துக்குப் பின் தானாக அழிய ‘லைஃப்சைக்கிள்’ விதி எழுதிவிடுங்கள்.

பதிவு இருந்தும் கேப்பிடல் ஒன் திருட்டு சுமார் நான்கு மாதம் வங்கியின் கண்ணில் படவில்லை. ஆகவே லாக் எடுப்பதோடு, அதை வாரம் ஒருமுறையாவது யார் படிப்பது என்றும் முடிவு செய்யுங்கள். பதிவை இயக்குவதற்கு முன் நடந்ததை எந்த நிரலாலும் மீட்டெடுக்க முடியாது. பிறர் நம்பித் தந்த விவரங்களை வைத்திருப்பவர்கள் இந்த வேலையை இன்றே முடிக்க வேண்டும்.