சதங்கை கட்டும் முன்னே

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் பழமொழி. ஆடுபவரைப் பற்றிப் பழமொழி சொன்ன நாம், ஆட்டம் எப்படிக் கற்றுத் தரப்படுகிறது என்று அதிகம் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆண்டு விழா மேடையில் ஐந்து நிமிடம் ஆடிவிட்டுச் செல்லும் சிறுமியைக் கைதட்டி அனுப்பிவிடுகிறோம். அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் எத்தனை சனிக்கிழமைகள் இருக்கின்றன என்பது வகுப்பைப் பார்த்தவர்களுக்கே தெரியும்.

அதைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கடந்த ஓராண்டாகக் கிடைத்து வருகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை, திருவரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாரக் கடைசியில் நடக்கும் பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி அவளை அழைத்துச் சென்று, வகுப்பு முடியும்வரை ரெக்கார்டு நோட்டுடன் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. அப்படிப் பார்த்தும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பாடத்திட்டம் பழையது

குழந்தைகளுக்கு ஆடல் கற்பிப்பது இன்று நேற்று வந்த வழக்கமன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒரு நடனப் பள்ளியின் பாடத்திட்டம் போலவே அமைந்திருக்கிறது. மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோருக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்றும் இளங்கோவடிகள் வகுத்துச் சொல்கிறார். அரங்குக்கும் அளவு உண்டு: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், முதலாம் இராசராசன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் அளித்ததைக் கூறுகின்றன. அவர்களோடு நட்டுவம் செய்வோரும் இருந்தனர். ஆடல் அன்று ஊதியம் பெறும் ஒரு தொழில்.

இன்று வகுப்பில் பின்பற்றப்படும் வரிசையை அமைத்தவர்கள் தஞ்சை நால்வர் என்று பெயர் பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த இவர்கள் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஒரு மாணவி படிப்படியாக ஏறும் ஏணியாக அதை வகுத்தனர். நம் பாடப் புத்தகத்தில் முதல் பாடம் தெரியாமல் மூன்றாம் பாடம் புரியாதது போலத்தான் இதுவும்.

வகுப்பில் நடப்பது என்ன?

முதலில் பூமிக்கு வணக்கம். மிதிக்கப் போகும் மண்ணிடம் முன்கூட்டியே பொறுத்தருளக் கேட்கும் செய்கை அது. பிறகு அரைமண்டி. குதிகால்கள் நெருங்கியிருக்க, பாதங்கள் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கால்கள் வெளிப்புறம் மடிந்திருக்க, முதுகு நேராக இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த குழந்தைக்கு இரண்டு நிமிடத்தில் தொடை நடுங்கத் தொடங்கிவிடும். "முதுகை நிமிர்த்து, முதுகை நிமிர்த்து" என்று டீச்சர் ஓயாமல் சொல்லிக்கொண்டேயிருப்பார்.

இதில் நம் இயற்பியல் இருக்கிறது. ஒரு பொருளின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே விழும் செங்குத்துக் கோடு அதன் அடிப்பரப்புக்குள் இருக்கும்வரை அப்பொருள் சாயாது. அரைமண்டியில் உடல் தாழ்வதால் ஈர்ப்பு மையமும் தாழ்கிறது. பாதங்கள் பக்கவாட்டில் திரும்புவதால் அடிப்பரப்பு இடமும் வலமும் விரிகிறது, ஆனால் முன்னும் பின்னும் குறுகுகிறது. எனவே குழந்தை சற்றே முன்னால் குனிந்தாலும் தடுமாறும். டீச்சர் அழகுக்காக மட்டும் முதுகை நிமிர்த்தச் சொல்லவில்லை.

முழங்காலும் பாத விரலும் ஒரே திசையில் இருக்க வேண்டும் என்பது அடுத்த விதி. பாதம் வெளியே திரும்பி முழங்கால் உள்ளே விழுந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் மூட்டு முறுக்கப்படும். தரையும் முக்கியம். காலைத் தரையில் தட்டும்போது அதன் வேகம் ஒரு கணத்தில் சுழியாகிறது. அந்தக் கணம் நீண்டால் விசை குறையும். நிற்கும் நேரம் இரு மடங்கானால் சராசரி விசை பாதியாகும். மண் தரையும் மரத்தரையும் சற்றே இடம் கொடுக்கும். சிமெண்டுத் தரை இடம் கொடுக்காது. பள்ளிக் கட்டடங்களில் பெரும்பாலும் இருப்பது சிமெண்டுத் தரையே. ஆகவே நல்ல ஆசிரியர்கள் நெடுநேரம் தொடர்ந்து தட்ட விடுவதில்லை. இடையிடையே உட்கார வைத்துக் கை முத்திரைகளைச் சொல்லித் தருகிறார்கள். அபிநய தர்ப்பணம் கூறும் ஒற்றைக்கை முத்திரைகள் மட்டும் இருபத்தெட்டு.

பின்னர் அடவுகள். ஆசிரியர் தட்டுக்கழியால் மனையைத் தட்டி 'தெய்யா தெய்' என்று சொல்ல, தட்டடவு தொடங்கும். ஒவ்வோர் அடவையும் மூன்று காலங்களில் ஆட வேண்டும். தாளத்தின் ஓட்டம் மாறாது; ஒன்று, இரண்டு, நான்கு என்ற விகிதத்தில் கால் மட்டும் விரையும். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. முதற்காலத்தில் எட்டுத் தட்டு என்றால், இரண்டாம் காலத்தில் பதினாறு, மூன்றாம் காலத்தில் முப்பத்திரண்டு. இதற்கு மேல் மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது என்ற ஐந்து ஜாதிகள் இருக்கின்றன. ஏழு தாளங்களோடு அவற்றைப் பெருக்கினால் முப்பத்தைந்து. கணக்கில் பின்தங்கியவள் என்று பள்ளியில் பெயர் வாங்கிய என் தங்கை, பஸ்ஸில் வரும்போது தொடையில் தாளம் போட்டபடி "அண்ணே, ஏழை நாலு தடவ போட்டா இருபத்தெட்டு, அதோட நாலு சேத்தா சமத்துக்கு வந்துரும்" என்கிறாள். வாய்பாட்டில் வராத பெருக்கல் கால் வழியே ஏறியிருக்கிறது.

எங்கள் வீட்டில் கேட்ட கேள்வி

தங்கை சேர வேண்டும் என்றபோது அப்பா கேட்டது ஒரே கேள்வி: "ஏண்டா, ஆட்டம் சோறு போடுமா?" மூட்டை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைப்பவர் கேட்கும் நியாயமான கேள்வி. அம்மாவின் கவலை வேறு: "தெருவுல என்ன சொல்லுவாங்க?"

அம்மாவின் அச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தலைமுறை தலைமுறையாக இக்கலையைக் காத்தவர்கள் இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களும் நட்டுவனார்களும். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. அது தேவையான சட்டம். ஆனால் வழக்கத்தின் மீதிருந்த பழி கலையின் மீதும் படிந்தது. 1930களில் இ. கிருஷ்ணய்யர் போன்றோர் கலைக்காக வாதாடினர். ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் மேடையேறி, 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். அவருக்குக் கற்பித்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. சதிர் என்ற பெயர் ஒதுங்கிப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. கலை பிழைத்தது. ஆனால் அதைக் காத்து வந்த குடும்பங்களில் பாலசரசுவதியைப் போல மேடையில் நிலைத்து நின்றவர்கள் மிகச் சிலரே. யார் ஆடலாம், யார் ஆடக் கூடாது என்ற கேள்வி அம்மாவின் வாயில் புதிதாகப் பிறந்ததன்று.

அப்பாவின் கேள்விக்கும் விடை உண்டு. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளி திருவரங்கம் மூலத்தோப்பிலேயே இருக்கிறது. ஏழாம் வகுப்புத் தேறி, 12 முதல் 25 வயதுக்குள் இருப்பவர்கள் அங்கே மூன்றாண்டு பரதநாட்டியம் பயிலலாம். சென்னை, திருவையாறு, மதுரை, கோவை ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியிலேயே 1977இல் தோன்றிய கலைக்காவிரி, பரதத்தில் பட்டம் வரை கற்பிக்கிறது. ஆகவே ஆட்டம் சோறு போடும். ஆனால் எல்லோருக்கும் போடாது. அறிவியல் பட்டமும் அப்படித்தானே!

எங்கே விடுபடுகிறார்கள்?

இசைப்பள்ளி பகல் நேரப் பள்ளி. எட்டாம் வகுப்பு மாணவி அங்கே சேர வேண்டுமானால் தன் பள்ளியை விட வேண்டும். அதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான். பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் கற்க, 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் உள்ளன. இருக்கும் இடம் தெரிந்த பெற்றோர் குறைவு. மற்றவர்களுக்குத் தனியார் வகுப்பே வழி.

என் தங்கையின் வகுப்பில் பத்து வயதுக்குட்பட்டவர்கள் நிறையப் பேர். பதினான்கைத் தாண்டியவர்கள் மூவர். மற்றவர்கள் எங்கே என்றால், "பத்தாவது வந்துட்டா, நிறுத்திட்டாங்க" என்பதே விடை. அலாரிப்பு முடித்து ஜதிஸ்வரத்தில் கால் வைக்கும் வேளையில் நின்றுவிடுகிறார்கள். அதையும் தாண்டினால் அரங்கேற்றம் என்னும் மலை. மண்டபம், பக்க வாத்தியம், ஆடை அணி, விருந்து என்று லட்சக் கணக்கில் செலவாகும் அரங்கேற்றங்களும் உண்டு. ஒரு மாணவி தன் ஆசிரியர் முன்னும் அறிந்தோர் முன்னும் ஆடிக் காட்டுவதுதான் அரங்கேற்றம். அதற்கு ஒரு மேடையும் மிருதங்கமும் போதும்.

ஆண் பிள்ளைகள் அந்த வகுப்பில் ஒருவர்கூட இல்லை. நட்டுவனார்கள் பெரும்பாலும் ஆண்களாக இருந்த கலை இது. அதே திருவரங்கத்தில், மார்கழித் திருநாளில் கையில் தாளமேந்தி அபிநயத்துடன் சேவை செய்யும் அரையர்கள் ஆண்களே. பெருமாளுக்கு முன்னால் ஆண் அபிநயிக்கலாம், பள்ளிக்கூடத்தில் பையன் ஆடினால் சிரிப்பா?

நம்மால் ஆவது

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது, ஆடற்போட்டிகளும் உண்டு. போட்டி வந்துவிட்டது, ஆண்டு முழுதும் கற்பிக்கும் ஆசிரியர்தான் பல பள்ளிகளில் இல்லை. போட்டிக்குப் பத்து நாள் முன்பு திரைப்படப் பாட்டைப் பார்த்துப் பழகிக்கொண்டு போகிறார்கள். விதைக்காமல் அறுக்கச் சொல்வது போன்றது இது.

பேராசிரியப் பெருமக்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கல்லூரியின் கலையரங்கம் சனிக்கிழமை மாலைகளில் பூட்டியே கிடக்கிறது. அதன் மேடை மரப்பலகையால் ஆனது. அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், முறையாகப் பயின்ற ஓர் ஆசிரியரைக் கொண்டு வாரம் இரண்டு மணி நேரம் வகுப்பு நடத்தலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆட்டம் ஒரு மணி, நம்மிடம் கணக்கும் அறிவியலும் ஒரு மணி என்று வைத்தால், "பரீட்சை வருகிறது" என்று எந்த வீட்டிலும் நிறுத்த மாட்டார்கள்.

செலவு அதிகமில்லை. ஒரு தட்டுக்கழி, ஒரு மனை, அரங்கத்தின் சாவி. சதங்கையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அடவுகள் நன்றாகப் படிந்த பிறகுதான் அதைக் காலில் கட்டுவது முறை.