கலக்கினால் இளகும், விட்டால் இறுகும்!

லால்குடி பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காய் போட்ட காசில், இரும்பு கேட்டுக்கு அடிக்க ஒரு லிட்டர் பெயிண்ட் வாங்கினேன். வீட்டில் திறந்தால் தயிர் மாதிரி உறைந்து கிடக்கிறது. கெட்டுப்போன சரக்கா? மண்ணெண்ணெய் ஊற்றி இளக்கலாமா?"

அவசரப்பட்டு எதையும் ஊற்றிவிடாதீர்கள். சுத்தமான குச்சியால் அடிவரை ஐந்து நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். ஒரே சீராக இளகினால் நல்ல சரக்குதான். கட்டி கட்டியாக நின்றாலோ, அடியில் கல்லாக இறுகியிருந்தாலோ பில்லுடன் கடைக்கே கொண்டுபோங்கள்.

இந்தக் குணத்துக்குத் 'திக்ஸோட்ரோபி' என்று பெயர். பல பெயிண்டுகளில் பக்குவப்படுத்திய பென்டோனைட் களிமண் சேர்க்கிறார்கள். குஜராத்தின் கட்ச் பகுதியில் இந்த மண் வெட்டி எடுக்கப்படுகிறது. அதன் நுண்ணிய தகடுகள், அசையாதிருக்கும்போது ஒன்றையொன்று பற்றிக்கொண்டு சீட்டுக்கட்டு வீடுபோல நிற்கும். அதனால் நிறத்தூள் எளிதில் அடியில் படியாது. கிளறினால் பிடி விடும். பிரஷ் சுலபமாக ஓடும். பூசியதும் மறுபடி பற்றிக்கொள்வதால் பெயிண்ட் வழியாது. கண்டபடி மண்ணெண்ணெய் ஊற்றினால் இந்தப் பிடி குலைந்து, பூச்சு மெலிந்து, கேட் சீக்கிரம் துருப்பிடிக்கும். தின்னர் தேவையென்றால் டின்னில் போட்டிருக்கும் அளவு மட்டுமே சேர்க்கவும்.

இதே குணம் உங்கள் மருந்து பாட்டிலிலும் உண்டு. ஃபிப்ரோனில் 5 எஸ்.சி., அசாக்சிஸ்ட்ரோபின் 23 எஸ்.சி. போன்றவற்றில் 'எஸ்.சி.' என்றால், மருந்தின் நுண்தூளைத் தண்ணீரில் மிதக்கவிட்ட கூழ் என்று பொருள். நாள்பட இருந்தால் மேலே தெளிவும் கீழே கெட்டியுமாகப் பிரியலாம். குலுக்காமல் ஊற்றினால் முதல் டேங்கில் மருந்து குறைந்து பூச்சி தப்பிவிடும். கடைசி டேங்கில் மருந்து கூடிப் பயிர் கருகவும் இடமுண்டு. "மருந்து போலி" என்று கடைக்காரரைக் கோபிப்பதற்கு முன், குலுக்கினோமா என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியவை:

* கையுறை அணிந்து, மூடியை இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாக்கி நன்றாகக் குலுக்கவும்.
* அளந்த மருந்தை முதலில் சிறிய வாளித் தண்ணீரில் குச்சியால் கரைக்கவும். கையால் கலக்கக் கூடாது.
* பாதி நிரம்பிய டேங்கில் அதை ஊற்றி, மீதித் தண்ணீரைச் சேர்த்துக் கலக்கவும்.
* கலந்த மருந்தை அன்றே அடித்து முடிக்கவும்.

பெயிண்டோ மருந்தோ, கெட்டியாக இருக்கிறதே என்று வேறெதையும் ஊற்றுமுன் ஒருமுறை நன்றாகக் கலக்கிப் பாருங்கள். காசும் மிச்சம், பயிரும் பத்திரம்.