தாய்ப்பால் முதல் வீட்டுச் சோறு வரை

இயற்கையோடு ஒட்டிய குடும்ப வாழ்க்கை பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுப்பதில் தொடங்குகிறது. வீட்டில் சமைத்ததைக் குடும்பமே சேர்ந்து உண்பதில் நிலைபெறுகிறது. டின்னிலும் பொட்டலத்திலும் வருவதைக் குறைத்து, அரிசி, பருப்பு, கீரை, மீன், மசாலா என்று வாங்கி வந்து வீட்டில் ஆக்குவது அதன் அன்றாட வடிவம். இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் தாயைக் காலத்துக்கு ஒவ்வாதவர் என்று ஒதுக்குவோர் உண்டு. ஆனால் ஊட்டச்சத்து ஆராய்ச்சி பெரும்பாலும் அவர் பக்கமே நிற்கிறது. அந்த ஆராய்ச்சி முடிவுகளை உலக விதிகளாகவும் மக்கள் இயக்கமாகவும் மாற்றியதில் பினாங்குக்குத் தனி இடம் உண்டு.

பால்மாவும் பினாங்கும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இனிப்புக் கெட்டிப்பால் டின்கள் தாய்ப்பாலுக்கு ஈடானவை என்ற பெயரில் மலாயாவில் விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை மிகுதி. வளரும் குழந்தைக்கு வேண்டிய சத்துகள் குறைவு. ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் பணியாற்றியபோது ‘குவாஷியோர்கர்’ என்ற ஊட்டக் குறைபாட்டு நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்ன டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். கெட்டிப்பால் குடித்து நலிந்த குழந்தைகளை இங்கே நேரில் கண்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். தவறான விளம்பரத்தை நம்பித் தாய்ப்பாலை நிறுத்தியதால் நேரும் சாவுகளைக் கொலையாகவே கருத வேண்டும் என்று அதில் வாதிட்டார். அந்த உரை 1986இல் நூலாக வெளிவந்தது. வெளியிட்டது, பயனீட்டாளர் சங்கங்களின் அனைத்துலக அமைப்பின் பினாங்கு வட்டார அலுவலகம்.

பினாங்கில் அதற்கான மண் முன்பே பண்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் பிறந்து சிறு வயதிலேயே இங்கு வந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை 2019இல் மறையும் வரை வழிநடத்தினார். கலப்படம், பூச்சிக்கொல்லி, சர்க்கரை, குழந்தை உணவு விளம்பரம் ஆகியவற்றைப் பற்றி அந்தச் சங்கம் தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது. அதே வட்டத்தில் வளர்ந்த அன்வர் ஃபசல், 1979இல் ஜெனீவாவில் உருவான அனைத்துலகக் குழந்தை உணவு செயற்பாட்டு வலையமைப்பை நிறுவியவர்களுள் ஒருவர்.

இந்த வலையமைப்பின் உழைப்பும் சேர்ந்தே, 1981 மே மாதம் தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனைக்கான அனைத்துலக நெறிமுறை உலகச் சுகாதாரப் பேரவையில் நிறைவேறியது. 118 நாடுகள் ஆதரித்தன. 3 நாடுகள் நடுநிலை வகித்தன. எதிர்த்தது அமெரிக்கா மட்டும். பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, டின்மேல் கொழுகொழுக் குழந்தைப் படம் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். 1991 பிப்ரவரி 14 அன்று உருவான தாய்ப்பாலுக்கான உலகச் செயற்பாட்டுக் கூட்டணி பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டது. ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகமெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரம் 1992இல் இந்தக் கூட்டணி தொடங்கி வைத்ததுதான்.

தாய்ப்பாலில் என்ன இருக்கிறது

தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 விழுக்காடு தண்ணீர். 100 மில்லிலிட்டரில் சுமார் 7 கிராம் லாக்டோஸ், 4 கிராம் கொழுப்பு, 1 கிராம் புரதம் உண்டு. பினாங்கின் வெக்கையிலும் முதல் ஆறு மாதம் குழந்தைக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் சொல்வதற்கு இந்தத் தண்ணீர் அளவே காரணம்.

பிரசவித்த முதல் சில நாள் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் கொஞ்சம்தான். பிறந்த குழந்தையின் இரைப்பைக்கு அதுவே போதும். நோய்க்கிருமிகள் குடற்சுவரில் ஒட்டாதபடி தடுக்கும் ‘இம்யூனோகுளோபுலின் ஏ’ என்ற எதிர்ப்புப் பொருள் அதில் செறிந்திருக்கிறது. தாயின் குடலும் மூச்சுப்பாதையும் சந்திக்கும் கிருமிகளுக்கு ஏற்ற எதிர்ப்பணுக்கள் மார்பகத்துக்குச் சென்று பாலில் சேர்கின்றன. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டுக் காற்றில் வாழ்வதால், அந்த வீட்டில் உலவும் கிருமிகளுக்கு எதிரான காப்பு பிள்ளைக்குப் பாலிலேயே கிடைத்துவிடுகிறது.

லாக்டோஸுக்கும் கொழுப்புக்கும் அடுத்தபடியாகத் தாய்ப்பாலில் மிகுந்திருக்கும் திடப்பொருள், குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரை. ‘ஒலிகோசாக்கரைடு’ எனப்படும் இவற்றில் சுமார் 200 வகை அறியப்பட்டுள்ளன. செரிக்காத இவை பெருங்குடலுக்குச் சென்று, அங்கு வாழும் ‘பிஃபிடோ’ நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவை பெருகிக் குடலில் அமிலத்தன்மையைக் கூட்ட, தீங்கு செய்யும் கிருமிகளுக்கு அங்கு இடமில்லாமல் போகிறது.

பால் சுரப்பது கேட்புக்கு ஏற்ப நடக்கும் வேலை. குழந்தை சப்பும்போது தாயின் மூளையடிச் சுரப்பியிலிருந்து புரோலாக்டினும் ஆக்சிடோசினும் வெளிப்படுகின்றன. முன்னது பாலை உண்டாக்குகிறது. பின்னது அதைப் பீய்ச்சித் தருகிறது. மார்பு காலியாகக் காலியாகச் சுரப்பு கூடும், தேங்கினால் குறையும். புட்டிப்பால் ஒரு வேளை உள்ளே நுழைந்ததும் தாய்ப்பால் சுருங்கத் தொடங்குவது இதனால்தான். பயனும் இருவருக்கும் உரியது: தாய்ப்பால் கொடுக்கும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 விழுக்காடு குறைவதாக, பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து ‘லான்செட்’ இதழ் 2002இல் வெளியிட்டது.

பத்தியச் சமையல்

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் மளிகைக் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், பூண்டு என்று பிள்ளை பெற்றவருக்கான சாமான் எல்லாம் கிடைக்கும். நல்லெண்ணெயில் பூண்டை முழுப் பல்லாகப் போட்டுப் பொன்னிறமாக வதக்கி, மிளகும் சீரகமும் மஞ்சளும் அரைத்து ஊற்றி, புளியைக் குறைத்துக் கொதிக்கவிட்டு எடுக்கும் பூண்டுக் குழம்பு பத்தியத்தின் தலையாய பதார்த்தம். பூண்டுப் பல் விரலால் அழுத்தினால் மசியும் அளவுக்கு வெந்திருக்க வேண்டும்.

இந்தப் பூண்டு பிள்ளையையும் எட்டுகிறது. அமெரிக்காவில் ஜூலி மெனெல்லாவும் கேரி போஷாம்பும் 1991இல் வெளியிட்ட ஆய்வில், தாய் பூண்டு உண்ட சுமார் இரண்டு மணி நேரத்தில் பாலில் அதன் மணம் உச்சத்தை எட்டியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை; வழக்கத்தைவிட அதிக நேரம் மார்பில் இருந்து பால் குடித்தன. கருவுற்ற காலத்திலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கேரட் கலந்த கூழை விரும்பி ஏற்றதாக மெனெல்லா குழுவின் 2001ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. ஆக, தாய் உண்ணும் குழம்பின் மணம் பாலின் வழியே பிள்ளைக்கு முதலில் அறிமுகமாகிறது. சோறு ஊட்டும் நாளில் அது பழகிய மணமாகவே இருக்கிறது. நாள் முழுதும் ஒரே சுவையில் கரைக்கப்படும் பால்மாவால் இதைத் தர இயலாது.

பத்தியத்தில் மாற்ற வேண்டியவையும் உண்டு. பால் பெருகச் சுறாப் புட்டு தருவது தமிழ்க் கடலோர வழக்கம். சுறா பெரிய வேட்டை மீன் என்பதால் அதன் சதையில் பாதரசம் சேர்கிறது. பாலூட்டும் தாய்மார் அதைத் தவிர்ப்பது நல்லது. பினாங்குச் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும் கெம்போங் மீனிலும் நெத்திலியிலும் புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு, பாதரசமோ குறைவு. தாய்க்குத் தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கத்தையும் கைவிட வேண்டும். வெந்தயம் பாலைப் பெருக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று வலுவாக இல்லை. அடிக்கடி பிள்ளையை மார்பில் விடுவதே பாலைப் பெருக்கும் உறுதியான வழி.

ஆறு மாதத்துக்குப் பின்

குழந்தை பிறக்கும்போது உடலில் சேர்த்து வந்த இரும்புச்சத்து ஏறத்தாழ ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதனால் ஆறாம் மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு திட உணவும் வேண்டும். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 200 கலோரி இந்த உணவிலிருந்து வர வேண்டும். ஒன்பதாம் மாதத்திலிருந்து அது 300. ஒரு வயதுக்குப் பிறகு 550. தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

வீட்டு அடுப்படியே இதற்குப் போதும். நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்பும், சத்தைத் தராது. ஆகவே கரண்டியைச் சாய்த்தால் உடனே வழியாத பதத்தில் கஞ்சி இருக்க வேண்டும். அதில் பாசிப்பருப்பும் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தால் கலோரி கூடும். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு; பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் சேரும்போது புரதம் முழுமை பெறுகிறது.

இட்லியில் இந்தச் சேர்க்கையோடு புளிப்பும் கைகோக்கிறது. இரவு அரைத்து வைத்த மாவில் ‘லூகோனாஸ்டாக்’ முதலான நுண்ணுயிர்கள் பெருகி, கரியமில வாயுவை வெளியிட்டு மாவைப் பொங்க வைக்கின்றன. அவை உண்டாக்கும் அமிலம் மாவைப் புளிக்க வைக்கிறது. தானியத்திலும் பருப்பிலும் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்திருக்கும் ‘ஃபைட்டேட்’ இந்தப் புளிப்பில் சிதைகிறது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்தி அரைப்பதும் அதே வேலையைச் செய்யும். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். பசும்பாலில் சுமார் 120. இரும்புக்கு மீன், முட்டை, ஈரல், கீரை வேண்டும். கீரையில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் அதன் இரும்பு உடலில் எளிதாகச் சேரும். தேநீர் அதற்கு நேரெதிர்: சாப்பாட்டோடு குடிக்கும் தே தாரேக் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

கடைச் சாப்பாட்டு ஊரில் வீட்டுச் சமையல்

நாசி கண்டாரும் பாசெம்பூரும் மீ கோரெங்கும் பினாங்கின் பெருமை. அவ்வப்போது உண்பதில் குற்றமில்லை. மூன்று வேளையும் கடையை நம்பும்போது எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவற்றின் அளவு குடும்பத்தின் கையை விட்டுப் போகிறது. மலேசியாவின் 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. சரிபாதியினர் அளவுக்கு மீறிய எடை கொண்டிருந்தனர். இந்தியரிடையே நீரிழிவு மற்றவரைவிடக் கூடுதல்.

கடைச் சமையலைவிடத் தொழிற்சாலை உணவே பெரிய கவலை. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேருக்கு இரண்டு வாரம் தொழிற்சாலையில் பெரிதும் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் புதிதாகச் சமைத்த உணவும் தரப்பட்டன. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து சமம். வேண்டிய அளவு உண்ணலாம். பதப்படுத்திய உணவு தரப்பட்ட நாள்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, ஏறத்தாழ ஒரு கிலோ எடை ஏறினார்கள். பசியாறைக்கு இட்லியோ புட்டோ வீட்டில் அவிக்கும் தாய் செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மரபில் விலக்க வேண்டியவை

இயற்கை என்பதாலோ பாட்டி காலத்து வழக்கம் என்பதாலோ எல்லாம் நல்லதாகிவிடாது. பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தடவும் சேனை வழக்கம் ஆபத்தானது. தேனில் இருக்கக்கூடிய ‘கிளாஸ்ட்ரிடியம்’ கிருமியின் விதைகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். ஒரு வயது வரை தேன் கூடாது. குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதால் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சி வரும். சில கண்மைகளில் ஈயம் உண்டு. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைக்கு வெயில் காட்டுவது மருத்துவமாகாது. இரத்தத்தில் பிலிருபின் அளவைப் பார்த்து, தேவைப்பட்டால் நீல ஒளிச் சிகிச்சை தர வேண்டும்.

தாய்க்குத் துணை

இவ்வளவையும் ஒரு பெண் தனியாகச் சுமக்க முடியாது. மலேசியாவில் தனியார் துறைப் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கும் 7 நாள் விடுப்பு வந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டிய காலமோ ஏறத்தாழ 180 நாள். இடைப்பட்ட மாதங்களைப் பீய்ச்சிச் சேமித்த பாலைக் கொண்டுதான் கடக்க வேண்டும். பீய்ச்சிய பால் 25 பாகை வெப்பம் வரை நான்கு மணி நேரம் தாங்கும். பினாங்கின் பகல் வெப்பம் அதைத் தாண்டுவதால் உடனே குளிரூட்டுவது நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வைக்கலாம். உறைநிலைப் பெட்டியில் ஆறு மாதம் சிறப்பாக இருக்கும். வேலையிடத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையும் குளிர்பெட்டியும் இருந்தால் பல தாய்மார் பாலை நிறுத்தாமல் தொடர்வார்கள்.

சட்டமும் துணை நிற்க வேண்டும். 1992இல் இந்தியா இயற்றி 2003இல் திருத்திய சட்டத்தின்படி, பால்மாவு விளம்பரம் தண்டனைக்குரிய குற்றம். மலேசியாவின் நன்னெறிக் கோவைக்கோ அத்தகைய சட்ட வலு இல்லை. உலகுக்குத் தாய்ப்பால் வாரத்தைத் தந்த ஊரைக் கொண்ட நாடு, அந்தக் கோவையைச் சட்டமாக்க வேண்டும். வீட்டில் கணவரும் மற்றவர்களும் மாவரைப்பதையும் சமைப்பதையும் பாத்திரம் துலக்குவதையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இயற்கை வாழ்க்கை தாயின் தோளில் ஏறிய கூடுதல் சுமையாகாமல், குடும்பத்தின் பொது வாழ்க்கையாகும்.