உங்களுக்குத் தெரியுமா? – புல்லட்டின் பிரீதர் பைப்

பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் போகும் எம்.டி.எச். ரோட்டில், மண்ணூர்பேட்டையைச் சுற்றி டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குப் பஞ்சமில்லை. நாள்பட்ட புல்லட் ஒன்றின் ஏர் ஃபில்டர் மூடியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பேப்பர் ஃபில்டர் கறுத்து ஊறியிருக்கும். பெட்டியின் அடியில் ஆயில் தேங்கியிருக்கும். “பிரீதர் பைப்ப கழட்டி வெளிய வுட்றலாம் சார், ஒரு பாட்டில் மாட்டுனா வேல முடிஞ்சுது” என்பார் மெக்கானிக். மாட்டலாம். அதற்கு முன் சில சேதிகள்.

★

346 சிசி புல்லட்டில் பிஸ்டன் கீழே இறங்கும்போதெல்லாம் அதன் அடியில் கிராங்க்கேஸில் இருக்கும் காற்றுக்கு 346 சிசி இடம் குறைகிறது. பிஸ்டன் ஏறினால் அந்த இடம் திரும்பக் கிடைக்கிறது. 3000 ஆர்.பி.எம்.மில் இது வினாடிக்கு 50 தடவை. பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு 17 லிட்டருக்கும் மேல்! இது போதாதென்று, ரிங் இடுக்கு வழியாக எரிந்த புகையும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. இத்தனையும் வெளியேற ஒரு வழி வேண்டும். அந்த வழிதான் பிரீதர். சுழலும் கிராங்க் தெளிக்கும் ஆயில், பனிபோல மிதந்து காற்றோடு சேர்ந்தே வெளியே வருகிறது.

★

நாலு சிலிண்டர் காரில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டு பிஸ்டன் இறங்கும்போது மற்ற இரண்டு ஏறுவதால் அடியில் காற்று இங்கிருந்து அங்கே நகர்ந்துகொள்கிறது. ஒற்றைப் பிஸ்டன் வண்டிக்கு அந்தச் சலுகை இல்லை.

★

யமஹா ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகலாம். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸே பெட்ரோல் கலந்த காற்றை இழுத்து மேலே தள்ளும் பம்ப். அங்கே பிரீதர் வைத்தால் வண்டி ஓடவே ஓடாது.

★

1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் ஃபேக்டரி வந்தது. அந்தக் காலத்துப் புல்லட்டில் பிரீதர் என்பது துளைமேல் படிந்த மெல்லிய எஃகுத் தகடுகள்தான். காற்று வெளியே போகும்போது தகடு தூக்கிக்கொள்ளும். திரும்பி வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும். பிற்காலத்தில் தகட்டின் வேலையை வாத்து அலகு வடிவ ரப்பர் ஏற்றுக்கொண்டது. இப்படி ஒருவழியாக விட்டால் கிராங்க்கேஸில் எப்போதும் லேசான வெற்றிடம் நிற்கும். ஆயில் உள்ளேயே அடங்கியிருக்கும். “புல்லட்னா ஒழுகத்தான் செய்யும்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களே, அதில் பல கேஸ்களில் குற்றவாளி அடைத்துப்போன பிரீதர்தான். உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் கேஸ்கெட்டையும் சீலையும் தேடிப் போகும்.

★

பழைய பிரிட்டிஷ் பைக்குகள் பலவற்றில் பிரீதர் கக்கும் ஆயிலை வேண்டுமென்றே பின் செயின்மேல் சொட்ட விட்டிருந்தார்கள். ரோடு நாசமானது, செயின் சுகமாக இருந்தது.

★

பழைய இரும்பு சிலிண்டர் புல்லட்டை ஒரு மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்துவிட்டு உதைத்தால், பிரீதர் வழியே ஆயில் குபுகுபுவென்று வருகிறதா? பயந்துவிட வேண்டாம். அந்த இன்ஜினில் ஆயில் டேங்க், கிராங்க்கேஸ் வார்ப்பிலேயே தனி அறையாக இருக்கிறது. வண்டி சும்மா நின்றால் ஆயில் பம்ப் பக்கமாக மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் பள்ளத்துக்கு இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அதை அடித்து மேலே அனுப்புகிறது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆயில் லெவலைப் பார்த்து, “குறைஞ்சிருக்கே” என்று மேலும் ஊற்றுவதுதான் பெரிய தப்பு.

★

2008-க்குப் பின் வந்த யூசிஇ (யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன்) இன்ஜின் புல்லட்டில் ஆயில் லெவல் பார்க்கும் கண்ணாடி வலப்பக்கம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும். ஆயிலும் இடப்பக்கம் ஒதுங்கும். கண்ணாடியில் லெவல் இறங்கித் தெரியும். பார்த்தவர் கால் லிட்டர் ஊற்றுவார். அந்தக் கால் லிட்டர் நாளடைவில் பிரீதர் பைப் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வந்து சேரும். ஃபில்டரில் ஆயிலைப் பார்த்து “ரிங் போச்சு, போர் அடிக்கணும்” என்கிற முடிவுக்கு வருமுன், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி, இன்ஜினைச் சிறிது ஓட விட்டு அணைத்து, சில நிமிடம் கழித்து அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால், வியாதி ஊற்றிய கையில்தான்.

★

ஆயில் பனி இன்டேக்கில் போனால் என்ன கெடும்? ஃபில்டர் ஊறிப் போனால் காற்று குறைந்து மிக்ஸ்சர் ரிச்சாகும். பிளக்கில் கரி படியும். ஆயில் கலந்த மிக்ஸ்சருக்கு நாக்கிங் தாங்கும் சக்தியும் குறைவு. ஏற்றத்தில் இன்ஜின் டக்டக்கென்று தட்டுவதில் இதற்கும் பங்குண்டு.

★

அப்படியானால் கம்பெனிக்காரன் எதற்கு பிரீதர் பைப்பை ஏர் ஃபில்டர் பெட்டியில் கொண்டு போய்ச் சொருகினான்? கதை லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்குகிறது. 1950-களில் கண் எரியும் புகைமூட்டம் அந்த ஊரை வாட்டியது. கார்கள் விடும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சைலன்சரில் அல்ல, கிராங்க்கேஸ் பிரீதரில் வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். அந்த வாயுவை இன்டேக்குக்கே திருப்பி எரித்துவிடும் குழாய், 1961 மாடல் கார்களில் கலிபோர்னியாவில் முதலில் வந்தது. செலவு சொற்பம், பலன் பெரிது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள பிஎஸ்-6 சோதனையிலும் கிராங்க்கேஸ் வாயு வெளியே வரக் கூடாது.

★

“ரேஸ் பைக்கில் எல்லாம் வெளியேதான் விடுவார்கள்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மோட்டோஜிபி விதிப்படி பிரீதர் குழாய் ஏர்பாக்ஸில்தான் முடிய வேண்டும். காற்றில் விடவே கூடாது. காரணம் சுற்றுச்சூழல் அல்ல. டிராக்கில் ஒரு சொட்டு ஆயில் விழுந்தால் பின்னால் வருகிறவர் வழுக்கி விழுவார்.

★

சரி, பாட்டில்தான் மாட்டுவது என்று தீர்மானமாகிவிட்டால்? இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பாட்டிலை இறுக மூடினால் பிரீதரை அடைத்ததற்குச் சமம். அழுத்தம் போக வழியின்றி கியர் ஷாஃப்ட் சீல் வழியாக ஆயில் பிதுங்கும். மூடியில் இன்னொரு துவாரம், அதில் ஒரு சின்னக் குழாய் கட்டாயம். வெறும் பாட்டிலில் ஆயில் பனி அடங்காது, வந்த வேகத்தில் மறு துவாரம் வழியே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைக் கொஞ்சம் தளர்வாகத் திணித்தால் பனி அதில் பட்டுச் சொட்டாகும். உள்ளே வரும் ஓஸின் வாய் தேங்கும் ஆயிலுக்கு மேலேயே இருக்க வேண்டும். ஓஸ், ஆயிலும் சூடும் தாங்குகிற ரப்பராக இருக்கட்டும். மீன் தொட்டிக்கு வாங்கும் பிளாஸ்டிக் டியூப் இன்ஜின் சூட்டில் இளகி மடிந்து வழியை மூடிவிடும். இன்ஜினிலிருந்து பாட்டில்வரை ஓஸ் எங்கும் தொங்கிப் பள்ளமாகக் கூடாது, பள்ளத்தில் ஆயில் தேங்கி அடைக்கும். பாட்டிலைப் பின் டயருக்கு நேர் மேலே மாட்டுவது தற்கொலை முயற்சி.

எல்லாம் செய்துவிட்டு ஒன்றை மறப்பார்கள்: பைப் கழற்றிய இடத்தில் ஏர் ஃபில்டர் பெட்டியில் விழுந்த ஓட்டை. சில வண்டிகளில் அந்தக் குழாய், ஃபில்டர் தாண்டிய சுத்தப் பக்கத்தில் சேர்கிறது. அதை மூடாமல் விட்டால் எம்.டி.எச். ரோட்டின் லாரிப் புழுதி வடிகட்டாமல் நேரே சிலிண்டருக்குள் போகும். ஆயிலைத் தடுக்கப் போய் மண்ணை ஊட்டிய கதை. ரப்பர் மூடி ஒன்று போதும்.

★

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகள் தண்ணீரில் நின்றது நினைவிருக்கும். ஓஸை வெறுமனே தரைப் பக்கம் தொங்கவிட்ட வண்டியை அப்படிப்பட்ட வெள்ளத்தில் ஓட்டினால், பிஸ்டன் ஏறும் ஒவ்வொரு முறையும் ஓஸ் தண்ணீரை உள்ளே இழுக்கும். தடுக்க ஒருவழி வால்வு இல்லையென்றால் ஆயில் மோர் நிறத்துக்கு மாறிவிடும்.

★

வெள்ளமே இல்லாமலும் மோர் நிறம் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 0.9 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. ரிங்கைத் தாண்டி இறங்கும் பங்கு, இன்ஜின் நன்றாகச் சூடாகாவிட்டால் பிரீதர் ஓஸிலேயே குளிர்ந்து ஆயிலோடு குழைந்துவிடும். மார்கழிக் காலையில் பால் வாங்க மட்டும் எடுக்கிற வண்டியில் இது சகஜம். ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூர் வரை ஒரு ஓட்டம் ஓட்டி வந்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

★

ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில், முனை அடைத்த சின்ன ரப்பர் டியூப் ஒன்று பல பைக்குகளில் தொங்கும். தேங்கிய ஆயிலையும் நீரையும் வடிக்கத்தான் அது. முனையைப் பிடுங்கினால் வடிந்துவிடும். சர்வீஸ் பில்லில் இதற்கென்று ஒரு வரி இல்லாததாலோ என்னவோ, யாரும் தொடுவதில்லை.

★

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றத் தடை விதிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5,000 அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

★

பாட்டிலில் சேர்ந்ததை “நல்ல ஆயில்தானே” என்று இன்ஜினுக்கே திரும்ப ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தண்ணீரும் எரியாத பெட்ரோலும் அமிலமும் கலந்திருக்கும். சாக்கடையிலும் கொட்டக் கூடாது. கொரட்டூர் ஏரி ரொம்பத் தூரத்தில் இல்லை. ஒர்க்‌ஷாப்பின் பழைய ஆயில் டின்னில் ஊற்றிவிட்டு, எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று குறித்து வையுங்கள். லெவல் சரியாக இருந்தும் அளவு மாதாமாதம் ஏறினால், அப்போது ரிங்கைப் பற்றிப் பேசலாம்.