நெடுந்தொலைவு ஒளியிழை டிரான்சீவர்

நெடுந்தொலைவு ஒளியிழை டிரான்சீவர் என்பது வலையமைப்பு அட்டையின் செருகுவாயிலில் பொருத்தப்பட்டு, மின்குறிகைகளை ஒளிக்குறிகைகளாகவும் அவற்றை மீண்டும் மின்குறிகைகளாகவும் மாற்றும் சிறு கருவி ஆகும். நொடிக்கு 10 கிகாபிட் வேகத்திற்கு எஸ்.எஃப்.பி. பிளஸ் என்னும் வடிவம் பரவலாகப் பயன்படுகிறது. மேலே பொறிக்கப்பட்ட கிலோமீட்டர் அளவை மட்டும் கொண்டு இதனைத் தெரிவு செய்தல் தவறாகும்.

வகைகள்

2002 ஆம் ஆண்டின் ஐ.இ.இ.இ. 802.3ஏஇ சீர்தரம் இரு நெடுந்தொலைவு வகைகளை வரையறுக்கிறது. எல்.ஆர். வகை 1310 நானோமீட்டர் அலைநீளத்தில் 10 கி.மீ. வரையும், இ.ஆர். வகை 1550 நானோமீட்டரில் 40 கி.மீ. வரையும் செல்லும். 80 கி.மீ. செல்லும் இசட்.ஆர். வகை உற்பத்தியாளர்கள் வகுத்தது, இச்சீர்தரத்தில் இடம்பெறவில்லை. மூன்றும் சிங்கிள் மோடு ஒளியிழைக்கு உரியவை.

ஒளி இழப்புக் கணக்கு

ஒளியிழையில் கிலோமீட்டருக்கு 1310 நானோமீட்டரில் ஏறத்தாழ 0.35 டெசிபலும், 1550 நானோமீட்டரில் 0.2 முதல் 0.25 டெசிபலும் இழப்பு ஏற்படும். எனவே நெடுந்தொலைவுக்கு 1550 நானோமீட்டர் ஏற்றது.

எடுத்துக்காட்டாக, ஈரோட்டிலிருந்து காவிரிக் கரையிலுள்ள கொடுமுடி சாலைவழி ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளது. இவ்வழியே ஓர் ஒளியிழை செல்வதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.25 டெசிபல் வீதம் 10 டெசிபலும், ஒட்டுகளிலும் இணைப்பிகளிலும் 2 டெசிபலும் இழப்பு எனில் மொத்தம் 12 டெசிபல் ஆகும். பிற்காலப் பழுதுகளுக்கென 3 டெசிபல் கூட்டினால் 15 டெசிபல் தேவை.

இ.ஆர். வகையின் குறைந்தபட்ச அனுப்புதிறன் −4.7 டி.பி.எம்.; ஏற்பியின் உணர்திறன் −15.8 டி.பி.எம். இவற்றின் வேறுபாடு 11.1 டெசிபல் மட்டுமே. ஆகவே "40 கி.மீ." எனக் குறிக்கப்பட்டிருந்தும் இவ்வழிக்கு அது போதாது. இசட்.ஆர். வகையில் இவ்வளவு பொதுவாக 0, −24 டி.பி.எம். என இருப்பதால் 24 டெசிபல் கிடைக்கிறது.

மிகை ஒளி

இசட்.ஆர். ஏற்பி பொதுவாக −7 டி.பி.எம். வரையே தாங்கும், அதன் அனுப்பியோ +4 டி.பி.எம். வரை வெளிவிடக்கூடும். இழப்பு 11 டெசிபலுக்குக் குறைந்தால் ஏற்பி பிழையாக இயங்கலாம். மேசைமேல் இரண்டையும் குறுகிய கம்பியால் நேரே இணைத்துச் சோதித்தால் ஏற்பி நிலையாகப் பழுதடையவும் கூடும். இவ்விடங்களில் அட்டெனுவேட்டர் எனப்படும் ஒளித்தணிப்பானை இடையில் பொருத்த வேண்டும்.

அட்டையுடன் பொருந்துதல்

சில அட்டைகள் குறிப்பிட்ட குறியீடு பதிந்த டிரான்சீவர்களை மட்டுமே ஏற்கும். இசட்.ஆர். வகை கூடுதல் மின்திறனையும் வெப்பத்தையும் கொண்டது. அட்டையின் செருகுவாயில் அதனைத் தாங்குமா என்பதை வாங்குமுன் கையேட்டில் சரிபார்த்தல் வேண்டும்.