லயத்து வீட்டில் ஒரு கதைப்புத்தகம்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் ஏதேனும் ஒரு லயத்து வீட்டினுள் நுழைந்து பார்த்தால், அங்கே புத்தகமே இல்லை என்று இன்று எவரும் சொல்வதற்கில்லை. 1980ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் இலவசமாக வழங்கிவரும் பாடநூல்கள் உண்டு. தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று பெற்றார் தம் நாட்சம்பளத்தை மிச்சம் பிடித்து வாங்கிய மாதிரி வினாத்தாள்கள் கட்டுக்கட்டாக உண்டு. பிள்ளை எவரும் ஏவாமல் தானே எடுத்து, மூலையில் போய் இருந்துகொண்டு வாசிக்கும் புத்தகம் ஒன்று உண்டா என்று தேடினால்தான் கை வெறுமையாகத் திரும்பும்.

இதை ஒரு பெருங்குறையாகக் கொள்வதற்கு நம் மாகாணத்தில் தனிக் காரணம் இருக்கிறது. நுவரெலியாவிலே மலைக்கு மலை தமிழ் கேட்கும். சப்பிரகமுவையில் அவ்வாறன்று. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய பகுதிகளில் தமிழர் வாழும் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. அவற்றுட் பல இன்றும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுகின்றன. அதன்பின் பிள்ளை பஸ் ஏறி நகரத்துத் தமிழ்ப் பாடசாலைக்குப் போகவேண்டும். அல்லது அருகிலுள்ள சிங்களப் பாடசாலையில் சேரவேண்டும். சிங்களம் கற்பது இலாபமே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் பத்து வயதுக்குள் தமிழ்ப் புத்தகத்தில் ருசி காணாத பிள்ளைக்கு, அதன்பின் தமிழ் பேசும் மொழியாக மட்டுமே எஞ்சிவிடும் அபாயம் உண்டு. அந்த ருசியை வீட்டிலேதான் ஊட்டவேண்டும்.

நம் பாட்டன் பாட்டி காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த அந்நாளில், சென்னையில் அச்சான 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் கடல் கடந்து தோட்டங்களுக்கு வந்தன. அல்லி அரசாணி மாலை, தேசிங்குராஜன் கதை, விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை என்பன அவற்றுட் சில. எழுத்துக் கூட்டி வாசிப்பவரும் தடுமாறாதபடி பருத்த அச்சு. பொழுது சாய்ந்ததும் இஸ்தோப்பிலே குப்பி விளக்கை வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்த ஒருவர் இராகம் போட்டு வாசிப்பார். அடுத்தடுத்த காம்பராக்காரரெல்லாம் சூழ்ந்திருந்து கேட்பர். நல்லதங்காள் தன் பிள்ளைகளைக் கிணற்றில் எறியும் இடம் வந்ததும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பர். தாயின் மடியிற் கிடந்து அதைக் கேட்ட பிள்ளைக்குப் புத்தகம் என்பது பரீட்சைக்கு உரிய பொருளாகத் தோன்றியிராது.

அக்கதைகளை இன்றைய பிள்ளைகளுக்கு அப்படியே கொடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. நல்லதங்காள் கதை சிறு பிள்ளைக்கு உரியதே அன்று. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட அந்த வழக்கத்தையே வேண்டுகிறேன். அதற்கு நேரம் ஏது என்பீர்கள். இறப்பர்த் தோட்டத்தில் விடியலின் குளிர்ச்சியிலேயே பால்வெட்டு தொடங்கிவிடுவதால், பிற்பகலில் சிறிது ஓய்வு கிட்டும். கொழுந்து நிறுத்துக் கொடுத்து மாலையில் வீடு சேரும் தாய்க்கு அதுவும் இல்லை. அடுப்பு மூட்டும் வேளையே அவளுக்கு மிஞ்சும். அந்த வேளை போதும். அவள் அடுப்படியில் இருக்க, பிள்ளை பக்கத்தில் இருந்து வாசிக்கட்டும். தாய்க்கு எழுத்துத் தெரியாவிட்டால் என்ன? அப்புறம் என்ன நடந்தது என்று கேட்கத் தெரிந்தால் ஆயிற்று.

இனி, எந்த வயதுக்கு எது என்பதைப் பார்ப்போம். பிள்ளைக்காம்பராவிலிருந்து பாடசாலைக்கு ஏறும் பருவத்தில் பொருளைவிட ஓசையே பெரிது. 1953இல் மறைந்த நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களை இதற்கு மிஞ்சியவை என்று சொல்லமாட்டேன், நிகரானவை சில உண்டு. ஆயினும் முதலில் எடுக்க வேண்டியவை அவையே. ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் யாழ்ப்பாணத்துப் பண்டங்களாயிற்றே, நம் பிள்ளைக்கு விளங்குமா என்று சில ஆசிரியர்கள் தயங்குகின்றனர். பிள்ளை தயங்குவதில்லை. நாவிலே தாளம் ஏறிவிட்டால் கூழைப் பற்றிப் பின்னர் கேட்டுத் தெரிந்துகொள்ளும்.

படப்புத்தகங்களில் சிபில் வெத்தசிங்க அம்மையாரின் குடை திருடிய கதை நம் மழைநாட்டுக்கென்றே எழுதியது போல் இருக்கும். குடையையே கண்டறியாத ஒரு கிராமத்தான் பட்டணம் போய்க் குடை வாங்கி வருகிறான். வரும் வழியில் அது களவு போகிறது. மறுபடியும் வாங்குகிறான், மறுபடியும் போகிறது. கள்ளன் யாரென்பது கடைசிப் பக்கம்வரை தெரியாது. அதை இங்கே சொல்லி உங்கள் பிள்ளையின் சிரிப்பைக் கெடுக்கமாட்டேன். கிடைப்பது சிங்களப் பிரதியே ஆனாலும் வாங்குங்கள். படத்தைப் பார்த்துத் தமிழிலே கதை சொல்ல எவராலும் முடியும்.

எட்டு வயது முதல் பதினொரு வயது வரை பிள்ளைகள் கதையை விழுங்கும் பருவம். 1947இல் தொடங்கிய 'அம்புலிமாமா' பல தலைமுறைகளுக்கு இப்பருவத்திலே உற்ற துணையாயிருந்தது. அச்சஞ்சிகை இப்பொழுது வெளிவருவதில்லை. ஆயினும் பழைய இதழ்களைக் கட்டி வைத்திருப்போர் எங்கும் உளர், கேட்டு வாங்கலாம். வேதாளம் விக்கிரமனிடம் கேள்வி கேட்கும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, நீ என்ன விடை சொல்வாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். எந்த வினாத்தாளிலும் கிடையாத பயிற்சி அது. சித்திரக்கதைகளைக் கண்டால் முகஞ்சுளிக்கும் பெற்றாரும் உளர். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த 'இரும்புக்கை மாயாவி'யை ஒளித்து வைத்து வாசித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் பின்னர் நாவல்களுக்கு நகர்ந்தனர். ஒளித்து வாசிப்பதும் வாசிப்புத்தான்.

பன்னிரண்டு வயதில் சிறுவனுக்கு வீட்டைவிட்டு ஓடவேண்டும் என்று தோன்றும். அவன் கையில் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ'வைக் கொடுங்கள். 1947இல் வெளியான அந்நாவல் தமிழிலும் வந்திருக்கிறது. உபாலி என்னும் குறும்புக்காரச் சிறுவன் தன் தோழன் ஜின்னாவோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஆளில்லாத தீவிலே குடியேறிப் பயிர் செய்து பிழைக்கும் கதை அது. பக்கத்துக் கிராமத்துப் பையனும் இதே கதையைச் சிங்களத்தில் வாசித்திருப்பான். பஸ்ஸில் அருகருகே அமரும் இருவருக்கும் பேச ஒரு பொருள் கிடைக்கும்.

பதினான்கு வயதுக்கு மேல் நாம் தெரிந்து கொடுப்பதைவிட, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு விலகுவதே நன்று. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னின் பருமனைக் கண்டு பிள்ளைகள் அஞ்சுவர். கதை இலங்கைக்கு வரும் பாகத்தை முதலில் பிரித்துக் காட்டினால் அச்சம் தீர்ந்துவிடும். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை', தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் கதை, 1964இல் வெளிவந்தது. சி.வி. வேலுப்பிள்ளை சேகரித்த மலைநாட்டுப் பாடல்களையும் அருகே வையுங்கள். தன் பாட்டி முணுமுணுக்கும் பாட்டு அச்சிலே இருப்பதைக் காணும் பெண்பிள்ளை பாட்டியிடம் போய், வேறென்ன பாட்டுத் தெரியும் என்று கேட்கக்கூடும்.

விலை கொடுத்து வாங்க இயலாதோருக்கு ஒரு வழி உண்டு. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் கட்டணமின்றி வாசிக்கலாம், கைத்தொலைபேசி போதும். எனினும் சிறு பிள்ளைக்குத் தாளிலான புத்தகமே ஏற்றது. பிடித்த படத்தைத் தொட்டுத் தொட்டு அழுக்காக்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று, நம் ஊர் ஈரத்தைப் பற்றி. தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சுவரோரம் வைத்த புத்தகம் விரைவிற் பூத்துவிடும். மூடியுள்ள பிஸ்கட் தகரம் ஒன்றைத் துடைத்துக் காயவைத்து, அதிலே புத்தகங்களை அடுக்குங்கள். வெயில் எறிக்கும் நாளில் வெளியே எடுத்து விரித்து வையுங்கள். அடுத்த காம்பராப் பிள்ளைகள் இரவல் கேட்டால், பெயரை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.